வீனஸ் டிரைவிலிருந்து தொங்கு பாலம் வரை: முதல் முறை காட்டுக்குள் நடக்கிறவர்களுக்கு

சிங்கப்பூரின் மெக்ரிட்சி காட்டுக்குள் இருக்கும் தொங்கு பாலத்துக்கு, அதாவது ட்ரீடாப் வாக்குக்கு, சொந்தக்காரர்களையும் வேலையிடத்து ஆட்களையும் பல தடவை கூட்டிப்போயிருக்கிறேன். முதல் தடவை நானே திங்கட்கிழமை போய், மூடிய கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பினேன். அப்புறம் கூட்டிப்போன ஒவ்வொரு கூட்டமும் எனக்கு ஒரு புதுத் தவறைக் காட்டியது. பெரும்பாலான தவறுகள் காட்டுக்குள் நடப்பதில்லை, வீட்டிலேயே, முந்தின நாள் இரவே நடந்து முடிந்துவிடுகின்றன. அதனால் பாதி வழிகாட்டி வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் கிடையாது, குடும்பமாகப் போக முன்பதிவும் தேவையில்லை. நடக்கத் தெரிந்தால் போதும்.

1. முதலில் நாளைப் பிடியுங்கள்

பாலம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்று பொது விடுமுறையாக இருந்தால் தவிர. செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குத் திறப்பார்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் 8.30க்கு. மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், அதற்குச் சற்று முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

பராமரிப்புக்காகவும் அவ்வப்போது மூடுவது உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தை முந்தின நாள் இரவு ஒரு முறை திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் எட்டுப் பேரை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுவிட்டு, அங்கே போய்ப் பலகையைப் படித்துத் தெரிந்துகொள்வது மாதிரி எரிச்சல் வேறு இல்லை.

முடிந்தால் வாரநாளில் போங்கள். பள்ளி விடுமுறைக் காலத்து ஞாயிறு காலை பாலத்தில் வரிசை நிற்கும்.

2. எந்த வாசல் என்பதை முடிவு செய்யுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் "மெக்ரிட்சி" என்று வரைபடத்தில் தட்டி, நீர்த்தேக்கத்தின் முன்வாசலில் போய் இறங்குகிறார்கள். அங்கிருந்து பாலத்துக்குப் போக மட்டுமே ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். வின்ட்சர் இயற்கைப் பூங்கா இருக்கும் வீனஸ் டிரைவ் பக்கத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரைதான். போகவும் வரவும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் 4 கிலோமீட்டர், அதுவும் இந்தப் புழுக்கத்தில், ஏற்ற இறக்கத்தில், "இன்னும் எவ்வளவு தூரம்" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கும் பிள்ளையோடு.

முதல் முறைக்கு வீனஸ் டிரைவ் போதும். தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் வழித்தடத்தில் அப்பர் தாம்சன் நிலையத்தில் இறங்கினால் கால் மணி நேர நடை. காரில் வந்தால் சனி ஞாயிறு எட்டு மணிக்கே கார் நிறுத்துமிடம் நிறைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை இடத்துக்காகச் சுற்றியே அரை மணி நேரம் தொலைத்தேன், அதற்குப் பிறகு ரயில்தான்.

3. நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

எல்லாரும் "எத்தனை மணிக்குக் கிளம்பலாம்" என்று ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியாகக் கேளுங்கள். முதல் கேள்வி, எத்தனை மணிக்குக் காட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும் என்பது.

என் கணக்கு பதினொன்றரை. அதற்கு மேல் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து பிழிந்துவிடும், சில மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வந்துவிடும். பதினொன்றரைக்கு வெளியே வர வேண்டுமானால் பத்து மணிக்குள் பாலத்தைக் கடந்திருக்க வேண்டும். அதற்கு எட்டு மணிக்கு, கொஞ்சம் பிந்தினாலும் எட்டே காலுக்கு, வீனஸ் டிரைவில் நிற்க வேண்டும். பிள்ளைகள், பெரியவர்கள் இருந்தால் முழுச் சுற்றுக்கும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வேகமாக நடக்கிறவர்கள் இரண்டு மணி நேரத்திலேயே முடிப்பார்கள், ஆனால் குழுவின் வேகம் என்பது கடைசி ஆளின் வேகம்தான்.

மதியச் சாப்பாட்டை முடித்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, நாலு மணிக்கு நிதானமாகக் கிளம்புகிற கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். அவர்கள் பாலத்தை அடையும்போது கதவு சாத்தியிருக்கும். காட்டுப் பகுதியே காலை 7 முதல் மாலை 7 வரைதான். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறைகிறது, ஆனால் மரக்கூரைக்குக் கீழே ஆறரைக்கே கண் கட்டும்.

4. பையைக் கட்டுவது

தண்ணீர்தான் முதல். பெரியவருக்கு ஒன்றரை லிட்டர், பிள்ளைக்கு முக்கால் லிட்டர். "மூன்று மணி நேரத்துக்கு இவ்வளவா" என்று கேட்பார்கள். காட்டுக்குள் நிழல் இருக்கிறதே தவிர காற்று அசையாது, ஈரப்பதம் அதிகம், வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும். அதாவது வியர்த்துக்கொண்டே இருப்பீர்கள், உடம்பு குளிராது. தாகம் தெரியும்போது ஏற்கெனவே பிந்திவிட்டது. வழியில் கடை எதுவும் கிடையாது.

தோளில் இரண்டு பக்கமும் மாட்டும் பை, வாய் முழுவதும் ஜிப் மூடக்கூடியதாக. இது முக்கியம், காரணம் எட்டாம் பகுதியில் வருகிறது. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு மட்டும் வராதீர்கள். வெளியே தெரியாமல் பைக்குள் வைக்க வேண்டியவை: கொசு மருந்து, பிளாஸ்டர், சிறிய துண்டு, மாற்றுச் சட்டை ஒன்று, மெல்லிய மழைக்கோட்டு, குப்பைக்கு ஒரு மூடும் பை, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய போன். ஆஸ்துமா, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று மருந்து எடுப்பவர்கள் அதைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும், "அவரிடம் இருக்கிறது, அவர் முன்னால் போய்விட்டார்" என்று ஆகிவிடக் கூடாது.

குடை வேண்டாம். குறுகலான பாதையில் அடுத்தவர் கண்ணைக் குத்தும், இடி மின்னலில் பயனும் இல்லை.

சாப்பாட்டை முன்கூட்டியே வீட்டில் முடித்துவிடுங்கள், நாலு இட்லி போதும். புளிசாதம் கட்டிக்கொண்டு போய்ப் பாலத்துப் பக்கம் விரித்து உட்காரலாம் என்ற யோசனை என் அத்தைக்கு இருந்தது. நல்ல யோசனைதான், தாவரவியல் பூங்காவான பூமலைக்கு. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் பையின் அடியில் இருந்தால் போதும்.

5. காலும் உடையும்

விலை கூடிய மலையேற்றக் காலணி தேவையில்லை. அடிப்பாகம் தேயாத சாதாரண ஓட்டக் காலணி போதும். செருப்பு வேண்டாம். பாதையில் மரவேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே ஓடுகின்றன, மழை பெய்த மறுநாள் அவையும் மரப்பலகை நடைபாதையும் எண்ணெய் தடவியது போல் வழுக்கும். நான் பார்த்த வரையில் விழுந்தவர்களில் பாதிப் பேர் செருப்புக்காரர்கள், மீதிப் பேர் நடந்துகொண்டே போனைப் பார்த்தவர்கள்.

ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு மடங்கு கனக்கும். மெல்லிய முழுக்கால் சட்டை கொசுவுக்கும் பாதையோரப் பிரம்பு முள்ளுக்கும் நல்லது. குழந்தை தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், படிகளில் அது உங்கள் தலையில்தான் வரும்.

6. கிளம்பும் முன் வானத்தைப் பாருங்கள்

மைஎன்வி செயலியில் மழை எங்கே பெய்கிறது, இடி மின்னல் எச்சரிக்கை உண்டா, புகைமூட்டம் எப்படி என்று மூன்றையும் பார்க்கலாம். காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, நடையை வேறு நாளுக்குத் தள்ளுங்கள்.

எந்த மாதம் என்பதும் கணக்கு. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும், காலை நடைக்குப் பிரச்சினை குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ராப் புயல்காற்று விடியற்காலையிலோ காலையிலோ அடித்துவிட்டுப் போகும், அதனால் அந்த மாதங்களில் "காலையில் மழை வராது" என்று நம்ப முடியாது. டிசம்பர், ஜனவரியில் நாள் முழுவதும் தூறிக்கொண்டே இருக்கும் நாட்கள் உண்டு.

இரவெல்லாம் காற்றோடு கொட்டியிருந்தால், காலையில் வெயில் அடித்தாலும், நான் அன்று போவதில்லை. நனைந்த மண்ணில் கனத்த கிளைகளும் சில நேரம் மரமே கூடச் சாயும், மழை நின்ற பிறகும்.

7. வீனஸ் டிரைவ் முதல் ரேஞ்சர் நிலையம் வரை

பூங்கா வாசலில் கழிவறை இருக்கிறது. போக வேண்டுமோ இல்லையோ, எல்லாரும் ஒரு முறை போய்வாருங்கள். அடுத்தது பாலத்துக்குப் போகும் வழியில் இருக்கும் ரேஞ்சர் நிலையத்தில், அதாவது வனக்காவலர் நிலையத்தில்தான். அதற்குப் பிறகு பாலத்தைச் சுற்றி மறுபடி அங்கே வரும் வரை எதுவும் கிடையாது.

கொசு மருந்தையும் இங்கேயே தடவுங்கள். உள்ளே போய்க் கடி வாங்கிய பிறகு தடவுவதால் ஒன்றும் ஆகாது.

வீனஸ் பாதை ஆரம்பத்தில் அகலமாக, பெரும்பாலும் சமமாக இருக்கும். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, வேகம். ஆர்வத்தில் விறுவிறு என்று நடந்து, ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் மூச்சு வாங்கி நிற்பார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். நடையில் மெதுவானவரை முன்னால் விடுங்கள், பாதை தெரிந்தவர் கடைசியில் வரட்டும். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாதை தெரிந்தவர் முன்னால் பறந்துவிட, கடைசியில் வருகிற மாமி தனியாகக் குரங்கைச் சந்திக்கிறார்.

இந்தப் பகுதியில் அவசரப்படாமல் இருக்க இன்னொரு காரணம், பார்க்க நிறைய இருக்கிறது. ஓடைப் பக்கம் தும்பிகள். நீண்ட வால் இரண்டாகப் பிரிந்து நுனியில் துடுப்பு தொங்கும் துடுப்புவால் கரிச்சான். சில நாள் மரத்தண்டோடு மரப்பட்டையாக ஒட்டிக்கொண்டு தூங்கும் கொலுகோ. அது இரவில் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் பிராணி, பகலில் பக்கத்தில் நின்றால் கூடக் கண்ணில் படாது. நாலைந்து பேர் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் நீங்களும் நின்று பாருங்கள், அதுதான் சுலபமான வழி. ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். அபராதம் உண்டு என்பது ஒரு பக்கம். மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டின் சில பகுதிகள் ராணுவப் பயிற்சிக்கானவை, எச்சரிக்கைப் பலகை இருக்கும். அதோடு ரெங்காஸ் என்ற மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்பளம் போடும், புதிதாக வருகிறவருக்கு அது எந்த மரம் என்று தெரியாது.

8. குரங்குகளைத் தாண்டிப் போவது

காடு முழுவதிலும் எனக்கு அதிகம் சிக்கல் வந்தது இந்த ஒரு விஷயத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இங்கே இருப்பது நீள்வால் குரங்கு. பிளாஸ்டிக் பையின் சரசரப்பு என்றால் சாப்பாடு என்று அதற்குப் பாடம் நடத்தியது மனிதர்கள்தான். கையில் சிவப்புப் பையோடு போன என் சித்தப்பாவிடமிருந்து ஒரு பெரிய ஆண் குரங்கு முறுக்குப் பாக்கெட்டைப் பறித்துக்கொண்டு, அவர் கண்முன்னே மரத்தில் உட்கார்ந்து பிரித்துச் சாப்பிட்டது. அடுத்த முறை அவர் வாழைப்பழத்தோடு வந்தார், தானாகவே கொடுத்துவிடலாம் என்று.

"அனுமாருக்குக் கொடுக்கிற பழம்டா, இதுக்கு என்ன?"

"சித்தப்பா, இங்கே அந்தப் பழத்தோட விலை ஐயாயிரம் வெள்ளி வரைக்கும் போகும்."

நிஜம்தான். வனவிலங்குச் சட்டப்படி காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை. ஊரில் கோயில் வாசலில் குரங்குக்குக் கொடுத்துப் பழகியவர்களை வைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்றால் இதை ரயிலிலேயே சொல்லிவிடுங்கள், காட்டுக்குள் வைத்து வாக்குவாதம் வேண்டாம்.

குரங்குக் கூட்டம் பாதையில் இருந்தால்:

கையில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், தண்ணீர்ப் புட்டியைக் கூடப் பைக்குள் போடுங்கள். பையை முன்பக்கமாக மாட்டுங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு இரண்டுமே சண்டைக்கு வா என்ற அர்த்தம். ஓடாதீர்கள். சிறு பிள்ளைகளைப் பெரியவர்களுக்கு நடுவில் விட்டு, நிற்காமல், சத்தம் போடாமல் நடந்து தாண்டுங்கள். குட்டியைப் படம் எடுக்கக் குனியாதீர்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். மீறி ஏதாவது பறித்துவிட்டால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுங்கள். முறுக்கு போனால் போகட்டும், கடித்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டிவரும்.

காட்டுப்பன்றியைப் பார்த்தால் நின்று, மெதுவாகப் பின்வாங்கி, அதற்குப் போக வழி விடுங்கள். பாம்பு குறுக்கே போனால் போகும் வரை நில்லுங்கள். உடும்பு உங்களைப் பார்த்துப் பயப்படும், அவ்வளவுதான்.

9. ரேஞ்சர் நிலையத்தில் முடிவெடுங்கள்

இங்கே பத்து நிமிடம் உட்காருங்கள். கழிவறை, தண்ணீர், அப்புறம் ஒரு கேள்வி: யார் யார் மேலே போகிறார்கள்?

இதை இங்கேயே கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம் பாலம் ஒருவழி. 250 மீட்டர் நீளம், மிக உயரமான இடத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர், அகலம் ஓர் ஆள் நடக்கும் அளவு, நடந்தால் ஆடும். நடுவில் போய்ப் பயந்தால் திரும்பி வர முடியாது, பின்னால் ஆட்கள் இருப்பார்கள். உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள், முட்டி வலி உள்ளவர்கள் இங்கே நிழலில் காத்திருப்பதில் ஒரு குறையும் இல்லை. ஒரு முறை வெட்கப்பட்டுச் சொல்லாமல் வந்த என் நண்பர் ஒருவர், பாலத்தின் நடுவில் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு கடந்தார். இறங்கிய பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும் இங்கேயே நில்லுங்கள். இடி கேட்டால் மேலே போகக் கூடாது, மோசமான வானிலையில் பாலத்தையும் மூடிவிடுவார்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் நான் கிளம்புவேன்.

10. ஏற்றமும் பாலமும்

ரேஞ்சர் நிலையத்திலிருந்து பாலத்துக்குப் போகும் பியர்ஸ் டிராக் முழுவதும் ஏற்றம். இதுதான் முழு நடையிலும் கடினமான துண்டு, இது முடிந்தால் பாதி வேலை முடிந்தது. நின்று நின்று ஏறுங்கள், நிற்கும்போதெல்லாம் இரண்டு வாய் தண்ணீர்.

பாலம் புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்ற இரண்டு குன்றுகளை இணைக்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று வரம்பு உண்டு, வாசலில் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். போனைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள்ளுங்கள், கீழே விழுந்தால் கீழேதான். நடுப்பகுதியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கம் தெரியும், படம் அங்கே எடுக்கலாம், ஆனால் ஆளுக்கு ஒன்று, பத்து இல்லை. வேண்டுமென்றே பாலத்தை ஆட்டுகிற தம்பிமார் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், அவரை முதலில் அனுப்பிவிடுங்கள்.

11. இறங்குவதும் பிரிவும்

பாலம் முடிந்ததும் பெட்டாலிங் டிரெயில், மரப்பலகையும் படிகளுமாக இறங்கும். இறக்கம்தானே என்று ஓடாதீர்கள், களைத்த கால் படியில்தான் தடுக்கும். இங்கே முட்டிதான் வேலை செய்கிறது, கைப்பிடி இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இறங்கி முடித்த பிறகு வரும் பிரிவில் பலகையைக் கட்டாயம் படியுங்கள். ரேஞ்சர் நிலையம், வீனஸ் டிரைவ் என்று காட்டும் பக்கம் திரும்ப வேண்டும். முன்னால் போகிற கூட்டத்தின் பின்னாலேயே பேச்சு சுவாரசியத்தில் நடந்து மெக்ரிட்சிப் பக்கம் போனவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக ரேஞ்சர் நிலையத்தில் காத்திருந்த பாட்டியையும் எனக்குத் தெரியும். தண்ணீர் மிச்சம் இருந்து, காலில் தெம்பும் இருந்து, யாரும் காத்திருக்கவில்லை என்றால் மெக்ரிட்சிப் பக்கம் போய் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி முடிக்கலாம். அதைப் பாலத்துக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

12. ஏதாவது ஆகிவிட்டால்

தலை சுற்றல், குமட்டல், திடீரென்று வியர்வை நிற்பது, குழப்பமாகப் பேசுவது, இவை வெப்பத்தால் வரும் அறிகுறிகள். உடனே நிழலில் உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ 995ஐ அழையுங்கள்.

அழைக்கும்போது "மெக்ரிட்சியில் இருக்கிறோம்" என்று மட்டும் சொன்னால் போதாது, காடு பெரியது. கடைசியாகத் தாண்டிய பலகையில் என்ன எழுதியிருந்தது, எந்தப் பாதை, வரைபடச் செயலியில் நீலப் புள்ளியின் இட எண்கள் என்ன என்று சொல்லுங்கள். இதற்காகவே நான் ஒவ்வொரு பலகையையும் போகும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அடிபட்ட விலங்கைப் பார்த்தால் தொடாமல் 1800-476-1600 என்ற விலங்கு உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

13. வெளியே வந்ததும்

சட்டையை மாற்றுங்கள், ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவருக்காகவாவது. காலுறையைக் கழற்றி எறும்பு, அட்டை எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குப்பையைத் தொட்டியில் போட்டு மூடியை அழுத்தி மூடுங்கள், பார்த்துக்கொண்டிருக்கும் குரங்கு ஒன்று எப்போதும் இருக்கும்.

அப்பர் தாம்சன் சாலையில் பரோட்டாவும் இழுத்து ஆற்றிய தேநீரான தே தாரேயும் கிடைக்கும். பதினொன்றரைக்கு வெளியே வந்தால் மதியக் கூட்டத்துக்கு முன்பே மேசை பிடித்துவிடலாம்.